இரண்டு மணிக்கொரு முறை

முதலில் அவளுடைய மூக்குக்குத்தான் தெரிந்தது.

காலை ஆறேகால் மணி. வெளியே மூன்றாவது நாளாகத் தூறல். நிற்க மனசில்லாமல், பெய்யவும் தெம்பில்லாமல். பேராசிரியை ஒரு கையில் தேநீரும் இன்னொரு கையில் பல்கலைக்கழகக் கோப்புமாக மாமனாரின் அறை வாசலைக் கடந்தாள். கடந்தவள் இரண்டடி பின்வாங்கி நின்றாள். பவுடர் வாசனை. அதற்கடியில் இன்னொன்று, பழக்கூடையின் அடியில் ஒரு பழம் மட்டும் அழுகிப்போயிருந்தால் வருமே, அந்த லேசான இனிப்பு. பதினாறு வருஷம் வார்டில் நின்ற மூக்கு. அதற்குப் பிறகு எத்தனை பட்டம் வாங்கினாலும் மூக்கு செவிலியாகவே இருந்துவிட்டது.

பழக்கதோஷத்தில் முதலில் சுவரைப் பார்த்தாள். சுவரில் சார்ட் தொங்கியது. அவளே வகுத்த சார்ட். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று இரண்டு மணிக்கொரு கட்டம். ஒவ்வொன்றிலும் இடது, வலது, மல்லாந்து என்று எழுதி, திருப்பிவிட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்திலேயே நூலில் கட்டிய பேனா. நேற்று, முந்தாநாள், போன வாரம், ஒரு கட்டம்கூடக் காலியில்லை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்றைய தாளும் நிரம்பியிருந்தது. இரவு பத்து மணி வரைக்கும்.

தேநீரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"மாமா, கொஞ்சம் ஒருக்களிங்க, பாக்கறேன்."

மாமனாருக்கு இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகக் கட்டில்தான் உலகம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக நுழைந்து, நாற்பது வருஷம் கழித்துத் தலைமை எழுத்தராக வெளியே வந்தவர்.

"ஆறு மணிக்கே திருப்பியாச்சும்மா. பாரு, போட்டிருக்கு."

"இடதுன்னு போட்டிருக்கு. நீங்க மல்லாந்துல்ல கிடக்கறீங்க?"

"அது நடைமுறை. கோப்புல இடதுதான்."

அவள் அவருடைய முழங்காலை மடக்கினாள், ஒரு கையைத் தோளிலும் மறு கையை இடுப்பிலும் கொடுத்தாள், மூச்சை இழுக்கச் சொல்லித் தன் பக்கமாக உருட்டினாள். சட்டையைத் தூக்கினாள். முதுகின் அடியில், வால் எலும்பின் மேல், கோட்டுப் பொத்தான் அளவுக்குத் தோல் போயிருந்தது. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. சிவப்பின் மேல் பவுடர், சமையல்காரர் பலகையில் மாவு தூவியது போல. துடைத்துவிட்டுச் சிவப்பை விரலால் அழுத்தி எடுத்தாள். நல்ல தோல் என்றால் அழுத்திய இடம் ஒரு கணம் வெளுத்துவிட்டு மறுபடி சிவக்கும். இது வெளுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா, சும்மா இருக்க?"

"ஒண்ணுமில்ல மாமா. வலிக்குதா?"

"வலிச்சா எழுதிக் குடுக்க மாட்டேனா?"

*

கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். முப்பது வருஷத்துக்கு முன் கால் முறிந்து அவளுடைய வார்டில் வந்து விழுந்தவர். எழுந்தபோது அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். அன்று கூப்பிட்ட வாயாலேயே இன்றும் கூப்பிடுகிறார். கல்யாண மேடையிலும் அப்படியே கூப்பிட்டு, சொந்தக்காரர்களைத் திணற அடித்தார்.

"என்ன சிஸ்டர், காலங்காத்தால கோர்ட்டு?"

"இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு அப்பாவைத் திருப்பினது யாரு?"

அவர் சார்ட்டைப் பார்த்தார். கையெழுத்து அவருடையது.

"அது... ஒரு வேலை முடியட்டும்னு காலைலயே..."

"எத்தனை நாளா?"

"தினமும் இல்ல."

"நெஜமாவா?"

"தினமும்தான்."

வக்கீல் பல் தேய்த்தபடியே வந்து நின்றாள். இருபது வயது மகள். படிப்பது கட்டடக் கலை. வாதாடுவதால் வீட்டில் அந்தப் பெயர்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லிடறேன். நாங்க ஏமாத்தல. முதல் ரெண்டு மாசம் கரெக்டாதான் திருப்பினோம். தாத்தாதான் ஜன்னல் பக்கம் திரும்பினா குளிருதுங்கறார், செவுத்துப் பக்கம் திரும்பினா ஜெயில் மாதிரி இருக்குங்கறார், கத்தறார். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார்."

"என்ன வழி?"

"கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ. உங்கம்மா அதைத்தான் பாப்பா."

வக்கீல் வாய் நுரையைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"சாயங்காலம் தாத்தாவே சரி பாப்பார்மா. ஒரு நாள் நாலு மணிக் கட்டம் விட்டுப்போச்சுன்னு என்னை நிக்க வெச்சு விளாசிட்டார். திருப்பாததுக்கு இல்ல. போடாததுக்கு."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கட்டத்தைக் காலியா விட்டா தணிக்கைல யார் பதில் சொல்றது?"

"நீங்க சிவப்பைப் பாக்கலையா?" கணவரிடம் கேட்டாள்.

"பாத்தேன். துணி மடிப்புன்னு நெனச்சேன். பவுடர் போட்டேன்."

"சிவப்பு மேல பவுடர் போடாதேன்னு ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கேன்."

"உன் புத்தகத்தை யாரு சிஸ்டர் வீட்டுல படிக்கறா? கல்லூரிலதானே படிப்பாங்க?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது.

"இரவுக்கு அலாரம் வெச்சிருந்தேனே?"

"அடிக்கும். அணைப்பேன்."

அவளால் கத்தியிருக்க முடியும். ஆனால் மூன்று வாரமாகக் காலை ஏழுக்குக் கிளம்பி இரவு பத்துக்கு வந்தது அவளே. வந்ததும் அறையை எட்டிப்பார்ப்பாள், சார்ட்டைப் பார்ப்பாள், 'பரவாயில்லையே' என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுப்பாள். மூன்று வாரத்தில் ஒரு முறைகூட முதுகைப் பார்க்கவில்லை. ஒரு முறை பார்க்க இரண்டு கைகளும் முப்பது விநாடியும் போதும்.

"நீங்க பண்ணினதையேதான் நானும் பண்ணியிருக்கேன்," என்றாள். "நீங்க எழுதினீங்க. நான் படிச்சேன்."

உப்புநீரில் பஞ்சை நனைத்துப் புண்ணைச் சுத்தம் செய்தாள். மருந்துத் துணி வைத்தாள். மருத்துவருக்குச் சொல்லிச் சாயங்காலம் வர ஏற்பாடு செய்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் படுக்கையைத் தொடாதபடி கணுக்காலுக்கடியில் ஒன்று.

"இனிமே மல்லாக்கவே படுக்கக் கூடாது. கத்தினா கத்தட்டும்."

"கத்துவேன்," என்றார் மாமனார்.

"இன்னைக்கு நிரம்பின தாளைக் கிழிச்சுப் போட்டுப் புதுசு வைங்க. நடந்ததை மட்டும் எழுதுங்க. நடக்கலைன்னா நடக்கலைன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு கட்டம் இல்லையேம்மா," என்றாள் வக்கீல்.

இல்லைதான். இருபத்தைந்து வருஷமாக இல்லை. அப்போதுதான் அவளும் கவனித்தாள்.

கணவர் அவளுடைய கோப்பைத் துடைத்துக் கொடுத்தார். "இன்னைக்குத்தானே உன் மூணு நாளுக்கு மீட்டிங்? விட்டுடாத, சிஸ்டர். கியரை மாத்தாம ஏறு."

*

அந்த மூன்று நாளின் கதை இது.

பத்தொன்பது வயதில் அவள் வேலைக்குச் சேர்ந்த வார்டில் முப்பத்திரண்டு கட்டில். இரவுக்கு இரண்டு செவிலியர். அசைய முடியாதவர்களை யார், எப்போது திருப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சேர்ந்து சில வருஷம் கழித்து, ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். அதுதான் முதல் சார்ட். ஆறு மாதத்தில் படுக்கைப் புண் பதினொன்றிலிருந்து இரண்டானது. உடனே ஓர் அறுவை மருத்துவர் அதை மாநாடு ஒன்றில் வாசித்தார். 'நான் அறிமுகப்படுத்திய' என்று ஆரம்பித்தாராம். கோடு போட்டவள் அந்த நேரத்தில் அவருடைய நோயாளிக்கு வாந்திக் கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சொந்தக் கோட்டைப் பற்றிப் பேசுவதற்குப் பட்டம் வேண்டும் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு வாங்கப் போனாள். ஒன்றைக் காட்டினால் இன்னொன்றைக் கேட்டார்கள். இரவில் வார்டு, பகலில் வகுப்பு, நடுவில் ஒரு பிரசவம் என்று பதினோரு வருஷம். ஆய்வேடு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆளை ஒரே பக்கமாகப் போட்டுவைத்தால் சதை அழுகும் என்பதை முந்நூறு பக்கங்களில் நிறுவியிருந்தாள். மீதிப் பன்னிரண்டும் அதை ஏற்கெனவே சொன்னவர்களின் பட்டியல்.

பிறகு விரிவுரையாளர், பேராசிரியர், கடைசியில் செவிலியர் புலத்துக்கே தலைவர். பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் பெரிய மேசையில் உட்கார்ந்த முதல் செவிலி அவள்தான். உட்கார்ந்த முதல் நாள் துணைவேந்தருக்குத் தலை சுற்றியது. மேசையில் நான்கு மருத்துவர்கள் இருந்தார்கள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

இப்போது பிரச்சினை இது. செவிலியர் மாணவர்கள் வாரத்தில் மூன்று நாள் வார்டில் நிற்பார்கள். அதை ஒரு நாளாகக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் வந்திருந்தது. மற்ற இரண்டு நாளும் கணினி அறையில் உட்கார்ந்து, இல்லாத நோயாளிகளுக்குச் சார்ட் நிரப்பிப் பழகுவார்கள். கணினி அறை கட்டியாகிவிட்டது. உட்கார ஆள் வேண்டும். நிரப்பப்போவது அவளுடைய சார்ட்தான்.

எதிர்த்துப் பேச அவள் தயாரித்த கோப்பு நாற்பத்தாறு பக்கம். அதைத் தயாரித்த மூன்று வாரத்தில்தான் மாமனாரின் தோல் போனது.

*

கூட்ட அறையில் பளபளவென்று நீள மேசை. நடுவில் தட்டுத் தட்டாக பிஸ்கட். யாரும் எடுக்காத பிஸ்கட். எடுத்தால் கடிக்கிற சத்தம் கேட்கும் என்பதால் வருஷக்கணக்கில் அதே தட்டுதான் வருகிறது என்று ஒரு வதந்தி உண்டு. அவளுக்கு எதிரே அறுவைப் பேராசிரியர். மாநாட்டில் வாசித்த அதே ஆள். தலை நரைத்ததில் இன்னும் எடுப்பாகிவிட்டார்.

"சிஸ்டர், அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திடுங்களேன். சாரல் அடிக்குது."

ஜன்னல் அவருக்குத்தான் பக்கம். அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. கூட்டம் முடியும்வரை சாரல் அடித்தது.

துணைவேந்தர் ஏழாவது பொருளை எடுத்தார். அறுவைப் பேராசிரியர் பேசினார்.

"இதுல விவாதிக்க என்ன இருக்கு? நம்ம சிஸ்டரோட சார்ட் உலகத்தரம். நாலு ஆஸ்பத்திரில ஒரு வருஷம் பாத்தாச்சு, நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு கட்டம் நிரம்பியிருக்கு. சார்ட்டே எல்லாம் பாத்துக்கும்போது பிள்ளைங்களை மூணு நாள் வார்டுல எதுக்கு நிக்க வெச்சுக் கால் கடுக்க விடணும்?"

"நல்ல கருத்து," என்றார் துணைவேந்தர். அவர் எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார். தீயணைப்புக் கருவி காலாவதியானதைச் சொன்னபோதும் அதையேதான் சொன்னார்.

பேராசிரியை கோப்பைத் திறந்தாள். நாற்பத்தாறு பக்கத்தில் எதைப் படித்தாலும் அந்தத் தொண்ணூற்றெட்டு நடுவில் வந்து நின்றது. ஏனென்றால் அதை எழுதிச் சேர்த்ததும் அவளேதான், இருபத்தோராம் பக்கத்தில். பதில் இந்தக் கோப்பில் இல்லை. வீட்டில், பின்னறையில், ஒருக்களித்துப் படுத்துக் கத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். சொல்லாவிட்டால் மூன்று நாளும் போய்விடும்.

கோப்பை மூடினாள்.

"எங்க வீட்டுல அந்தச் சார்ட் நூத்துக்கு நூறு, சார்."

"சபாஷ்," என்றார் அறுவைப் பேராசிரியர்.

"எங்க மாமனாருக்கு முதுகுல புண். இன்னைக்குக் காலைல பாத்தேன். மூணு வாரமா எங்க வீட்டுல யாரும் அவரைத் திருப்பல. காலைலயே உக்காந்து ராத்திரி வரைக்கும் கையெழுத்துப் போட்டுடறாங்க. நானும் தினமும் சார்ட்டைப் பாத்துட்டு, சரின்னு போய்ப் படுத்துட்டேன். சார்ட்டை வகுத்தவளே நான்தான்."

பிஸ்கட் தட்டைக்கூட யாரும் பார்க்கவில்லை.

"அன்னைக்கு வார்டுல புண் குறைஞ்சது கோடு போட்டதால இல்ல சார். நானும் இன்னொரு சிஸ்டரும் ராத்திரி ராத்திரி ஒவ்வொருத்தர் முதுகுக்கடியிலயும் கையை விட்டுப் பாத்தோம். பாத்ததைக் குறிச்சோம். நீங்க மாநாட்டுக்கு எடுத்துட்டுப் போனது தாளை மட்டும். எனக்கு அதுல கோவம் இருந்துச்சு. ஆனா நானும் அப்புறம் இருபது வருஷம் தாளைத்தான் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். பிள்ளைங்களுக்கு மூணு நாள் வார்டு வேணும். சிவப்பு வெளுக்குதா இல்லையான்னு விரலுக்குத்தான் தெரியும். கணினி அறைல அழுத்தறதுக்கு முதுகு இல்ல."

துணைவேந்தரின் மனம் நிஜமாகவே அசைந்தது போலிருந்தது. "மிக நல்ல கருத்து," என்றார்.

அறுவைப் பேராசிரியர் யோசித்தார். யோசித்து முகம் மலர்ந்தார். "சிம்பிள், சிஸ்டர். சார்ட்டுல இன்னொரு கட்டம் சேர்த்துடுவோம். 'முதுகைப் பார்த்தேன்: ஆம், இல்லை.' பிரச்சினை முடிஞ்சுது."

"அதுலயும் ஆம்னு போடுவாங்க சார்."

"போடட்டுமே! அப்பத்தான் பார்த்தாங்கன்னு நமக்குத் தெரியும்."

சுற்றிலும் தலைகள் ஆடின. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் வீட்டுக் கதையைக் கேட்டு உச்சுக்கொட்டிய முகங்கள்தான். அடுத்து எட்டாவது பொருள், வாகன நிறுத்துமிடம். அதில் எல்லோருக்கும் நிறையக் கருத்து இருந்தது.

முடிந்ததும் பதிவாளர் ஒரு தாளுடன் வந்தார். சாதுவான மனிதர். வேலையில் சுத்தம்.

"மேடம், ஏழாவது தீர்மானத்துக்குக் கீழ உங்க கையெழுத்து. புலத்தலைவர் போடாம அமலுக்கு வராது."

வாசித்தாள். 'புலத்தலைவர் தீர்மானத்தை வரவேற்றுப் பேசினார். ஏகமனதாக நிறைவேறியது.' தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இதை எப்ப அடிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம் மேடம். கூட்டம் முடிஞ்சப்புறம் அடிச்சா லேட்டாயிடுது பாருங்க."

"நான் எதிர்த்தில்ல பேசினேன்?"

"கேட்டேன் மேடம். மனசு கஷ்டமாயிடுச்சு. மாமனார் சீக்கிரம் குணமாகணும்." பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "கையெழுத்துதானே, மேடம்."

அந்தக் குரலை அன்று காலையில் ஒரு கட்டிலிலிருந்து கேட்டிருந்தாள். ஒரு வினாடி சிரிப்பு வந்தது. பேனாவின் மூடியை வாங்கி, அதை அவர் கையிலிருந்த பேனாவிலேயே போட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். வெளிச்சத்தில் அவள் வீடு திரும்பி மூன்று வாரமாகியிருந்ததால், கணவர் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து எழுந்து நின்றார்.

"என்னாச்சு சிஸ்டர், மூணு நாளு?"

"நல்ல கருத்துன்னாங்க."

"போச்சா?"

"கையெழுத்துப் போடல. இன்னும் போகல."

பின்னறைக்குப் போனாள். அடுப்பிலிருந்து சூப் வாசனை. பவுடர் வாசனை இல்லை. மாமனார் ஜன்னல் பக்கமாக ஒருக்களித்து, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, உலகத்தின் மேல் வழக்குப் போட்ட முகத்துடன் கிடந்தார். சுவரில் புதுத் தாள். கட்டத்துக்குள் அடங்காமல் ஓரமெல்லாம் வக்கீலின் கையெழுத்து ஓடியிருந்தது.

'எட்டு: வலது. கத்தினார். பத்து: இடது. என்னைக் கழுதை என்றார். பன்னிரண்டு: திருப்பவில்லை. தாத்தா முடியாது என்றார், அப்பாவும் விட்டுவிட்டார். பன்னிரண்டரை: இருவர் சேர்ந்து திருப்பினோம். சிவப்பை அழுத்தினேன். வெளுக்கவில்லை. இரண்டு: ஜன்னல் பக்கம். அழுத்தினேன். ஓரத்தில் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. எனக்குச் சரியாகத் தெரியவில்லை.'

பேராசிரியை அதை இரண்டு முறை படித்தாள். இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் சார்ட் பார்த்திருக்கிறாள். 'எனக்குச் சரியாகத் தெரியவில்லை' என்று யாரும் எழுதியதில்லை.

"பாத்தியாம்மா கண்றாவியை?" என்றார் மாமனார். "அடித்தல் திருத்தல், வீட்டுச் சண்டை எல்லாம் ஏத்தி வெச்சிருக்கா. இந்தக் கோப்பை மேல அனுப்ப முடியுமா?"

"அனுப்பத்தான் போறேன் மாமா. அடுத்த கூட்டத்துக்கு."

"மானம் போயிடும்."

"காலைலயே போயிடுச்சு. நாலு மணியாச்சு, செவுத்துப் பக்கம் திரும்பலாமா?"

"சூப் வரட்டும், நான் பேப்பர் படிச்சுக்கறேன், டாக்டர் வரட்டும். அப்புறம் பாக்கலாம். நீ சும்மா வலதுன்னு போட்டுக்கோயேன்."

அவள் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். சட்டைக் கையை மடித்தாள். "வக்கீல், இங்க வா. பாத்துக்கோ. முழங்காலை மடக்கு. ஒரு கை தோள், ஒரு கை இடுப்பு. இழுக்காத, தோல் உரியும். உருட்டு. அடியில கையை வெச்சுக்கிட்டே உருட்டு."

கூடத்தில் தொலைபேசி அடித்தது. கணவர் எடுத்து, அதன் வாயைப் பொத்திக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"பதிவாளர், சிஸ்டர். நாளைக்கு ஆள் அனுப்பறாராம். ஒரே ஒரு கையெழுத்துதானாம்."

"பதிவாளரா?" மாமனார் தலையைத் தூக்கினார். "பெரிய ஆளாச்சே. போட்டுக் குடுத்துடும்மா."

அவளுடைய வலது கை அவருடைய இடுப்புக்கடியில் மணிக்கட்டுவரை போயிருந்தது. மேலே மெல்லிய சூடான பாரம். விரல் நுனிக்குச் சிவப்பின் ஓரம் தட்டுப்பட்டது.

"கை காலியில்லன்னு சொல்லுங்க," என்றாள். "மாமா, மூச்சை இழுங்க. ஒண்ணு. ரெண்டு."